இரண்டரை அங்குலம்

போன மாதம் ஒரு புதன்கிழமை இரவு, புலனத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. பதினொரு வினாடிதான். "ஆண்டி, நான் பாகான் நக்கோடா ஓமார்ல இருந்து பேசுறேன். வேலை கிடைச்சிருச்சு. ஆனா நடக்க வரல." அதற்குப் பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். அதோடு பதிவு முடிந்துவிட்டது.

காலில் அடிபட்டுவிட்டதோ என்று பதறிப்போய்த் திரும்பக் கூப்பிட்டேன். விஷயம் வேறு. பெண்ணுக்கு ஹோட்டல் நிர்வாகத்தில் டிப்ளோமா. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு முகப்பில் வேலை கிடைத்திருக்கிறது. நியமனக் கடிதத்தோடு இரண்டு பக்கத்துக்கு உடை விதி. தலைமுடியை எப்படி முடிய வேண்டும், நகம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: முனை மூடிய கறுப்புக் காலணி, குதிகால் உயரம் இரண்டரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முதல் தேதி வேலையில் சேர வேண்டும். அதற்கு இருபத்து நான்கு நாள் இருந்தது.

பிறந்ததிலிருந்து சிலிப்பரும் பள்ளிச் சப்பாத்தும் தவிர வேறு எதையும் போட்டுப் பழகாத பிள்ளை அது. அதன் அம்மாவும் நானும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் நெல்வயல், சுங்கை புசார் என்று அந்தப் பழைய ஐந்தாம் எண் சாலையில் போகும்போதெல்லாம் எனக்குக் கால்தான் ஞாபகத்துக்கு வரும். கடலோரக் களிமண் அது. மழை பெய்துவிட்டால் சிலிப்பரை உருவிக்கொள்ளும். உருவிய சிலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்து விரலையும் மண்ணில் ஊன்றி ஊன்றித்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். அப்படி வளர்ந்த கால் அகலமாக இருக்கும். விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அதைப் பார்த்து வெட்கப்பட்டுக் காலை மடக்கி உட்கார்ந்த வயது எனக்கும் இருந்தது. இப்போது கால் மருத்துவர்கள், விரல் விரிந்த கால்தான் ஆரோக்கியமான கால் என்கிறார்கள்.

வீட்டு வாசலில் நுழைந்ததும் பாட்டி முந்திக்கொண்டார். நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்து லயம். "வாம்மா, வந்து பாரு. உன் பிள்ளை கொக்கு மாதிரி நடக்குது." குரல் பதிவில் சிரித்தது இவர்தான்.

நடந்து காட்டச் சொன்னேன். பெரியம்மா சொன்னது பொய்யில்லை. முழங்கால் இரண்டும் மடிந்து, உடம்பு முன்னால் சாய்ந்து, கழுத்து நீண்டு, ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைக்கிறாள். சுங்கை புசார் பக்கம் வயலில் தவளை தேடும் கொக்கேதான். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் 1989இல் நானும் அப்படித்தான் நடந்தேன், அதுவும் நூறு பேர் பார்க்க.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தலைநகரில் ஒரு பேரங்காடியில் ஒப்பனைப் பொருள் விற்கும் முகப்பில் வேலை. கடையின் பெயர் வேண்டாம். முதல் நாளுக்காகக் கிள்ளானில் 29 வெள்ளிக்கு ஒரு ஜோடி வாங்கினேன், காலையில், நேரமில்லாமல், போட்டுப் பார்த்தும் பாராமலும். பஸ் நிறுத்தத்திலிருந்து கடைக்குப் போகும் வழியில் கால்வாய் மூடியின் இரும்புக் கம்பிக்கு நடுவே குதிகால் சிக்கிக்கொண்டது. காலை இழுத்தேன். கால் வந்தது, காலணி வரவில்லை. வரிசையாக நின்ற பஸ்களில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அன்று மாலை இரண்டு சுண்டுவிரலிலும் தோல் இல்லை. மேற்பார்வையாளர் ஒரு பினாங்குச் சீன அம்மா. மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அழுறதுன்னா அஞ்சு நிமிஷம் அழு, அப்புறம் எழுந்து நட, நான் சொல்லித் தர்றேன்" என்று மலாயும் சைகையுமாகச் சொன்னார். இன்று நான் இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததில் பாதி அவர் தந்தது. மீதிப் பாதி, அதன்பிறகு பதினாறு வருடம் நின்று நடந்து பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் காலணியைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னேன். இணையத்தில் 45 வெள்ளிக்கு வாங்கியதாம். ஒரு விரலால் குதிகாலை லேசாகத் தட்டினேன். ஆடியது. மேசைமேலேயே ஆடும் காலணி உங்களை ஏற்றிக்கொண்டு ஆடாமல் நிற்குமா? அடுத்து, பின்னாலிருந்து பார்த்தேன். குதிகால் கட்டை நம் குதியெலும்பின் நடுவுக்கு நேர் கீழே வர வேண்டும். சில மலிவுக் காலணிகளில் அது பின்னுக்குத் தள்ளிப்போய், வாசற்படியின் ஓரத்தில் நிற்பது போல் இருக்கும். அதில் யார் நடந்தாலும் கொக்குதான். குற்றம் பிள்ளையின் மேல் இல்லை.

அன்று மாலையே சுங்கை புசாருக்குப் போய் வேறு வாங்கினோம். மாலையில் போனதற்குக் காரணம் இருக்கிறது. நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாகப் பொருந்துவது மதியம் மூன்று மணிக்குக் கடிக்கும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். நம்மில் பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும், சின்னக் காலுக்குள் மெத்தை வைத்துக்கொள்ளலாம். அகலம் போதவில்லை என்பதற்காக ஒரு எண் பெரிதாக வாங்குவதுதான் நம் பெண்கள் செய்யும் பெரிய தவறு. நீளம் கூடினால் கால் முன்னால் சறுக்கிப்போய் விரல்கள் முனையில் இடித்துக்கொள்ளும், பின்னால் குதி கழன்றுகொள்ளும். அகல வார்ப்பில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "போடப் போட இளகிடும்" என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தோல் கொஞ்சம் இளகும். செயற்கைத் தோல் இளகாது, உங்கள் விரல்தான் மடங்கும்.

கடையில் அவளுக்கு ஊசி மாதிரி மெல்லிய குதிகால் மேல்தான் கண். ஸ்டிலெட்டோ என்பார்கள், இத்தாலிய மொழியில் சிறு குத்துவாளுக்குப் பெயர். 1950களில் குதிகாலுக்குள் எஃகுக் கம்பி வைக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவ்வளவு மெல்லிசாகச் செய்ய முடிந்தது. வேண்டாம் என்றேன். கட்டைக் குதிகால், கணுக்காலின் மேல் ஒரு வார். வார் இருந்தால் காலணி காலோடு வரும். இல்லாவிட்டால் அது கழன்றுவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அந்தப் பிடிப்புதான் இரவில் கெண்டைக்கால் வலியாக வரும்.

இனி நடை. ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்கள் வீட்டு சிமெண்டு ஐந்தடியில் ஆரம்பித்தோம். முதல் கால் மணி நேரம் நடக்கவே விடவில்லை. நில் என்றேன். சும்மா நிற்பது. இடுப்புக்கு மேல் உடம்பு முன்னால் சாய்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்தேன். குதி உயர்ந்ததும் உடம்பின் பாரம் முன்பாதத்துக்கு ஓடுகிறது. விழுந்துவிடுவோம் என்று பயந்து முழங்காலை மடக்குகிறோம், அல்லது இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். இரண்டும் வேண்டாம். வயிற்றை லேசாக உள்ளே இழுத்து, தோளைத் தளர்த்தி, குதியில் பாதி முன்பாதத்தில் பாதி என்று பாரத்தைப் பங்கு போட்டு நிற்க வேண்டும். "குதியில பாரம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் இல்லை என்றாள். பத்தாவது நிமிடத்தில் "இப்ப இருக்கு ஆண்டி" என்றாள்.

பிறகு அடி. மண்ணில் நடக்கும்போது எடுத்து வைக்கும் அடியில் முக்கால் பங்கு போதும். உயரமான காலணியில் நீண்ட அடி வைப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். குதி முதலில் மெதுவாகத் தரையைத் தொட வேண்டும், உடனே முன்பாதம் இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. முன்பாதத்தை முதலில் வைத்தால் அது பூனை நடை அல்ல, திருடன் நடை. விரல் நுனி நேரே முன்னால் பார்க்க வேண்டும். மேடையில் அழகிகள் ஒரு காலுக்கு முன்னால் மறு காலைக் குறுக்கே வைத்து நடப்பதைப் பார்த்து அப்படி நடக்காதீர்கள், அவர்களே விழுகிறார்கள். ஒரு கோட்டின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு கால் போனால் போதும். பார்வை தரையில் இருந்தால் கழுத்து முன்னால் வரும், கழுத்தோடு உடம்பு வரும். பத்தடி தூரத்தில் கண்ணை வையுங்கள். அந்த வீட்டில் பத்தடி தூரத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். "என்னைப் பார்த்து நட, ஆனா சிரிச்சேன்னா நீயும் சிரிக்காத" என்று அவரே ஒத்துழைத்தார்.

இரண்டு நாள் சரியாக வரவில்லை. திங்கட்கிழமை இரவு போனில் அழுதாள். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்து வருடம் பரதம் ஆடியவள். "தட்டடவு ஞாபகம் இருக்கா? அரைமண்டியில நின்னு தட்டுவியே, அப்ப உடம்பு ஆடுமா?" "ஆடாது ஆண்டி, டீச்சர் அடிப்பாங்க." "அந்த உடம்பைக் கொண்டா." தை யா தை என்று மனசுக்குள் தாளம் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னேன். புதன்கிழமை ஒரு காணொளி அனுப்பினாள். கொக்கு போய்விட்டது. நடனம் கற்றவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். தாளம் யாருக்கும் உதவும். பயத்தில் நாம் ஒரு அடி வேகமாகவும் ஒரு அடி மெதுவாகவும் வைக்கிறோம், தடுமாற்றம் அங்கேதான்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு அரைமணி நேரம், வீட்டுக்குள். இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம், வெளியே. மூன்றாம் வாரம் இரண்டு மணி நேரம், நின்றபடி. நிற்பதுதான் அவள் வேலை, நடப்பது அல்ல. நிற்கும்போது ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாரத்தை மாற்றச் சொன்னேன். கழற்றிய பிறகு இரண்டு காரியம் கட்டாயம். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதியைத் தரையில் அழுத்தி, அரை நிமிடம் கெண்டைக்காலை இழுத்துவிட வேண்டும். அடுத்து, தரையில் ஒரு துண்டைப் போட்டு விரல்களாலேயே சுருட்ட வேண்டும். களிமண்ணில் நடந்த கால் இதை ஒரே நாளில் செய்துவிடுகிறது. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

வெளியே நடந்தபோது புதுப் புதுச் சிக்கல். நம் ஊர்க் கடைத்தெரு அஞ்சடி இருக்கிறதே, அது உலகத்திலேயே உயரக் காலணிக்கு எதிரான கட்டடக்கலை. ஒரு கடைக்கு ஓர் உயரம், ஒரு படி ஏறி, அரைப் படி இறங்கி, நடுவில் வழுக்கும் பளிங்கு, அடுத்து உடைந்த ஓடு. அங்கே வேகம் வேண்டாம். கால்வாய் மூடியில் முன்பாதத்தை மட்டும் வைத்துத் தாண்டுங்கள், என் கதை உங்களுக்கு வேண்டாம். மின்படிக்கட்டில் வரிப் பள்ளத்துக்குள் மெல்லிய குதிகால் இறங்கிவிடும், முன்பாதத்தில் பாரம் வைத்துக் கைப்பிடியைப் பிடித்து நில்லுங்கள். சாதாரணப் படி ஏறும்போது முன்பாதம் முழுவதும் படியில் இருந்தால் போதும், இறங்கும்போது பாதத்தைச் சற்றுச் சாய்வாகத் திருப்பி முழுதாக வைக்க வேண்டும். கைப்பிடியைப் பிடிப்பதில் எந்த அழகும் குறைந்துவிடாது. கார் ஓட்டும்போது மட்டும் கழற்றிவிட்டுத் தட்டைக் காலணி மாட்டிக்கொள்ளுங்கள். கழற்றியதை ஓட்டுநர் காலடியில் போடாதீர்கள், பிரேக்குக்குக் கீழே உருண்டுவிடும்.

கல்யாணத்துக்குச் சேலையோடு போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: காலணியை மாட்டிக்கொண்ட பிறகு சேலை கட்டுங்கள். முதலில் சேலை கட்டிப் பிறகு ஏறி நின்றால் கணுக்கால் தெரியும். மணவறைக்குப் பக்கத்தில் கழற்ற வேண்டியிருக்கும் என்றால், கழற்றியதும் சேலை நான்கு விரல் தரையில் புரளும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். மணவறைப் படியில் மணப்பெண்ணின் தோழி தடுக்கி விழுந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்துவிட்டு, சொல்லாமல் விட முடியாததையும் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். குதிகால் ஒரு அங்குலம் உயர்ந்தால் முன்பாதத்தின் மேல் அழுத்தம் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுகிறது. இரண்டு அங்குலத்தில் 57 விழுக்காடு, மூன்று அங்குலத்தில் 76 விழுக்காடு என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். முழங்காலையும் விடுவதில்லை. 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், சராசரி 6 சென்டிமீட்டர் உயரக் காலணியில் நடந்த பெண்களுக்கு முழங்காலின் உட்பக்கத்தில் 23 விழுக்காடு கூடுதல் பாரம் விழுந்தது. அதே ஆய்வாளர்கள் 2001இல் கட்டைக் குதிகாலையும் சோதித்தார்கள். அதிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஆக, நான் சுங்கை புசாரில் வாங்கிக் கொடுத்த கட்டைக் குதிகால் அவளை விழாமல் காக்கும், முழங்காலைக் காக்காது. 2012இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் பயமுறுத்துகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு மேல், 5 சென்டிமீட்டருக்குக் குறையாத காலணி போட்ட பெண்கள், அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடந்தபோதும் பழைய நடை திரும்பவில்லை. கெண்டைக்கால் தசை புது நீளத்துக்குப் பழகிவிட்டிருந்தது.

வாரத்துக்கு 40 மணி நேரம். ஒரு முழுநேர வேலை என்பது அதுதானே?

என் இரண்டு காலையும் காட்டினேன். பெருவிரல் மூட்டில் எலும்பு புடைத்து, விரல் உள்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கழற்றிய பிறகும் காலணி போட்டது மாதிரியே இருக்கும் கால். இது உயரக் காலணியால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், என் அம்மாவுக்கும் லேசாக இருந்தது. அவர் ஆயுள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டுச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். ஆனால் அவருடையது வலித்ததில்லை. என்னுடையது மழைக்காலத்தில் தூங்கவிடாது.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே என் தோழி, பிள்ளையின் அம்மா, அந்த 45 வெள்ளிக் காலணியை எடுத்துத் தன் காலில் மாட்டிப் பார்த்தாள். "தம்பி கல்யாணத்துக்குப் போடலாமே." கழற்று என்று அதட்டினேன். அவளுக்கு எட்டு வருடமாக இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நோய் நரம்பைத் தொட்டுவிட்டால் காலில் உணர்ச்சி மங்கும். விரலில் கொப்புளம் வந்தது தெரியாது, அது புண்ணானதும் தெரியாது. மற்றவர்களுக்கு ஒரு நாள் வலியாகப் போவது அவர்களுக்கு விரலையே எடுக்க வேண்டிய நிலை வரை போகலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கணுக்கால் ஏற்கெனவே சுளுக்கியவர்கள் இந்தப் பக்கத்தில் நடை பற்றி எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள்.

எனக்கு இந்தக் காலணியின் மேல் கோபம் இல்லை. பிடித்துப் போடுகிறவர்கள் போடட்டும். நானே ஒரு காலத்தில் சம்பளம் வந்ததும் முதலில் போய் நின்றது காலணிக் கடையில்தான். ஜிம்மி சூ என்ற பெயரை உலகமே உச்சரிக்கிறதே, அவர் பினாங்கில் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கைத்தொழிலாக அது பெரிய அழகு. இன்னொன்று: குதி உயர்ந்த காலணியை முதலில் போட்டவர்கள் பெண்களே அல்ல. பாரசீகக் குதிரை வீரர்கள், சேணத்து வளையத்தில் கால் நழுவாமல் நின்று அம்பு விடுவதற்காகப் போட்டார்கள். பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகால் போட்டு ஆண்மையைக் காட்டிக்கொண்டார். பிறகு ஆண்கள் வசதியாக இறங்கிவிட்டார்கள்.

என் கோபம் அந்த ஒரு வரியின் மேல்தான். குறையக் கூடாது என்ற வரி. அதே முகப்பில் நிற்கும் ஆண் ஊழியருக்கு "கறுப்புக் காலணி, மெருகேற்றியது" என்று மட்டும்தான் இருக்கிறது. இருவரும் செய்வது ஒரே வேலை.

இதைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. 2015 டிசம்பரில் லண்டனில் நிக்கோலா தோர்ப் என்ற பெண், தட்டைக் காலணியில் வரவேற்பாளர் வேலைக்கு வந்ததற்காகச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள், நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2017இல் கட்டாயக் குதிகாலைத் தடுத்தது. அதே ஆண்டு நம் பக்கத்து வீடான பிலிப்பைன்ஸ், கடைப் பெண்களையும் வரவேற்பாளர்களையும் மனதில் வைத்து, கட்டாயப்படுத்தக் கூடாது என்று தொழிலாளர் துறை ஆணையாகவே போட்டது. ஜப்பானில் 2019இல் யூமி இஷிகாவா தொடங்கிய இயக்கத்தின் பெயரே ஒரு சிலேடை. அவர்கள் மொழியில் காலணிக்கும் வலிக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. தமிழ்நாட்டில் துணிக்கடைப் பெண்கள் நாளெல்லாம் நிற்பதை 2010இல் 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்து நாம் அழுதோம். 2021இல் அங்கே உட்காரும் உரிமையே சட்டமானது. உட்காருவதற்குச் சட்டம் தேவைப்படுகிறது பாருங்கள்.

இங்கே வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இலேயே வந்தது. ஊழியரின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் இயன்றவரை காப்பது முதலாளியின் கடமை என்கிறது அது. நின்று வேலை செய்பவர்களுக்கு என்னென்ன கோளாறு வரும் என்று 2002இல் அந்தத் துறையே வழிகாட்டிக் கையேடும் போட்டிருக்கிறது. சண்டை போடத் தேவையில்லை. பணிவாக, எழுத்தில் கேட்கலாம்.

கேட்பதா வேண்டாமா என்று அந்த வீட்டில் ஒரு மாலை முழுக்கப் பேச்சு. என் தோழிக்குப் பயம். "சேருறதுக்கு முன்னாலேயே கேள்வி கேட்டா, வேணாம் போன்னு சொல்லிட்டா?" அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா உதிரிப் பழம் பொறுக்கி, இவள் தையல் தைத்து, அப்படி வந்த டிப்ளோமா அது. கொக்கு நடை நடந்தாவது அந்த வேலையில் நிற்க வேண்டும் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். 1989இல் யாராவது என்னிடம் கேள் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? மாட்டேன். அதனால் நான் முடிவு சொல்லவில்லை. பிள்ளைதான் சொன்னாள்: "முதல்ல நடக்கக் கத்துக்கிறேன். நடக்கத் தெரியாம கேட்டா, தெரியாததால கேக்குறான்னு நினைப்பாங்க."

மூன்றாவது வாரம், இரண்டு மணி நேரம் தடுமாறாமல் நிற்க வந்த பிறகு, மனிதவளப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதினாள். வேலையில் சேர ஆவலாக இருக்கிறேன், கூறிய காலணியோடு முதல் தேதி வருவேன், எட்டு மணி நேரம் நிற்கும் வேலை என்பதால் ஒன்றரை அங்குலக் கட்டைக் குதிகாலுக்கு அனுமதி கிடைக்குமா, அல்லது பணி நேரத்தின் பாதியில் மாற்றிக்கொள்ளலாமா. அவ்வளவுதான். நான் திருத்தியது ஒரே இடத்தில். மூன்று தடவை மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாள், மூன்றையும் எடுத்துவிட்டேன்.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு வரி: பரிசீலிக்கிறோம்.

முதல் தேதி காலை இரண்டரை அங்குலத்தில்தான் போனாள். பையில் சிலிப்பர், கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, முன்பாதத்துக்கு மெத்தை. மதியம் ஒரு மணிக்கு ஒரு குரல் பதிவு. "ஆண்டி, விழல. பளிங்குத் தரை, கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா விழல." பின்னணியில் யாரும் சிரிக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு இன்னொன்று வந்தது. பேச்சில்லை, வாளியில் சுடுதண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும்.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் கூப்பிட்டாள். பரிசீலனை இன்னும் முடியவில்லை. ஆனால் உடை மாற்றும் அறையில் பேச்சு எழுந்து, முகப்பில் நிற்கும் இன்னும் மூன்று பெண்கள், ஒரு மலாய்க்காரப் பெண், ஒரு சீனப் பெண், சரவாக்கிலிருந்து வந்த ஒரு அக்கா, அந்த ஆறு வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். "சேர்த்து அனுப்பலாமா, தனித்தனியா அனுப்பலாமா ஆண்டி?"

சேர்த்தே அனுப்பச் சொன்னேன்.